காரணம் தேடிய மருத்துவர்

(ஜமாஅத் கல்வி ஊக்கப் பரிசளிப்பு விழாவில் இமாம் ஆற்றிய உரை)

 

சில நாள்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தையார் நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். அவர் மகள் பாத்தாலஜி எனப்படும் நோய்க்குறியியல் சார்ந்த ஆய்வுக்கூடப் படிப்பில் சேர விரும்புகிறாள். "ஹஜ்ரத், நோயாளியின் முகத்தையே பாராமல் இரத்தத்தையும் சதைத் துண்டையும் பார்க்கும் படிப்பால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். அன்று நம்மிடம் தக்க பதில் இல்லை. தேடிப் படித்தோம். அறிந்ததை இச்சபையில் வைக்கிறோம்.

டாக்டர் வி. ராமலிங்கசுவாமி 1921ஆம் ஆண்டு ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1947 முதல் 1954 வரை நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் நோய்க்குறியியல் அறிஞராகப் பணியாற்றினார். புரதச் சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கால் வீங்கும், வயிறு உப்பும், தலைமயிர் நிறம் மாறும். வீக்கத்தைக் கண்ட தாய், பிள்ளை தேறிவிட்டது என்றுகூட எண்ணிவிடுவாள். இக்குறைவு கல்லீரலை எவ்வாறு கெடுக்கிறது என்பதை அவர் நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார்.

பின்னர் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியரானார். இமயமலை அடிவாரத்து மக்களுக்குக் கழுத்தில் கழலை கண்டிருந்தது. மழையும் பனியும் மலை மண்ணின் அயோடினை அடித்துச் சென்றுவிட்டதால், அங்கு விளையும் உணவிலும் அச்சத்து இல்லை. கழலை கண்ணுக்குத் தெரிவது மட்டுமே. தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். செவியும் பேச்சும் பாதிக்கப்படும்.

1956ஆம் ஆண்டு காங்ரா பள்ளத்தாக்கில் அவரும் தோழர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றதில் அவ்வாறு குறையவில்லை. பிறகு அப்பகுதிக்கும் அதே உப்பு வழங்கப்பட்டது. 1962இல் நாட்டில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்பதற்கு 2006இல் நாடெங்கும் தடை விதிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் தொடங்கிய தேடல் நம் வீட்டு உப்பு ஜாடி வரை வந்து சேர்ந்தது!

அவர் 1969 முதல் 1979 வரை அக்கழகத்தின் இயக்குநராகவும், அதன்பின் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1996இல் யுனிசெஃப் வெளியீட்டில் தோழர்களுடன் எழுதிய கட்டுரையில், தெற்காசியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட மெலிந்திருப்பது ஏன் என்று கேட்டார். பெண்களின் தாழ்ந்த நிலையே பெருங்காரணம் என்பது அவர்கள் கண்ட விடை. கர்ப்பிணி போதிய உணவின்றி மெலிந்தால் பிள்ளை எடை குறைந்தே பிறக்கிறது. 2001இல் அவர் மறைந்தார்.

பெரியோர்களே! பச்சிளங் குழந்தைகளின் ஜனாஸாவை நாம் தொழ வைத்திருக்கிறோம். இறைவனின் நாட்டம் என்று பெற்றோரைத் தேற்றியிருக்கிறோம். அது உண்மையே. ஆயினும், காரணத்தை அறிந்து அடுத்த குழந்தையைக் காப்பது உயிரோடிருக்கும் நம் கடமையல்லவா? அக்கடமையைச் செய்பவரே இந்த மருத்துவர். அவரால் காக்கப்பட்ட பிள்ளைகள் அவர் பெயரையும் அறியமாட்டார்கள்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உப்பையே வாங்கி, ஈரம் படாமல் மூடி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், எல்லோரும் உண்டபின் மிச்சத்தை அவர் உண்ணும் வழக்கத்தை விடுங்கள். முதல் தட்டு அவருக்கே. மூன்றாவது, அந்தத் தந்தையாருக்கு: மகளைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். முதலாண்டுக் கட்டணத்தைக் கல்வி நிதியிலிருந்து ஏற்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.