வண்டி தண்ணியில போனாலும் தவணை போகாது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு வாகனக் காப்பீடும் வீட்டுக் காப்பீடும். "இன்சூரன்ஸா? அதெல்லாம் வீட்டுக்காரர் பாத்துக்கிடுவாரு"ன்னு பின்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. வண்டிக் கடன் யார் பேரில் இருக்கிறது? தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது? நம்முடையதுதானே. அப்போ காப்பீட்டுத் தாளையும் நாமதான் படித்துத் தெரிஞ்சுக்கணும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு வந்தது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாகச் சேறு. அந்தச் சேற்றில் ஸ்கூட்டி, பைக், தையல் மிஷின், கிரைண்டர், பீரோ.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல்தான். ஆனால் நிவாரணம் என்பது அடுப்பு மறுபடியும் எரியக் கொடுக்கிற பணம். ஸ்கூட்டியைப் பழையபடி ஓட வைக்கவோ, விழுந்த சுவரைக் கட்டவோ அது போதாது. அதற்கு இருப்பது காப்பீடு. வண்டி தண்ணியில போகலாம், தவணை போகாது. ஒரு அக்கா தவணை கட்ட முடியாமல் நின்றால் குழு முழுக்கத் தடுமாறுகிறது. அதனால்தான் இது ஒரு வீட்டுச் சங்கதி இல்லை, குழுச் சங்கதி என்கிறேன்.

எந்தக் காப்பீட்டுத் தாளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதுக்குக் கிடைக்கும்? எவ்வளவு வரைக்கும் கிடைக்கும்? நம்ம கையிலிருந்து எவ்வளவு போகும்?

முதல் கேள்வி: எதுக்குக் கிடைக்கும்?

நம்ம ஆற்றிலிருந்து கன்னடியன் கால் போகுது, கோடகன் கால் போகுது, பாளையங்கால் போகுது. ஆறு ஒன்றுதான். ஆனாலும் கன்னடியன் கால் தண்ணீர் பாளையங்கால் வயலுக்குப் பாயுமா? ஒவ்வொரு காலுக்கும் ஓர் ஆயக்கட்டு உண்டு. காப்பீடும் அப்படித்தான். ஒவ்வொரு பாலிசிக்கும் ஓர் ஆயக்கட்டு. அதற்கு வெளியே ஒரு சொட்டுப் பாயாது.

வங்கிப் பாஸ்புக்கில் வருஷத்துக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடித்திருப்பார்கள். 20 ரூபாய் பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். வெள்ளத்தில் அடித்துப்போய் இறந்தாலும் அது விபத்துதான். 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. இறந்தால் 2 லட்சம். இரண்டும் நல்ல திட்டம், விட்டுவிடாதீர்கள். ஆனால் அதில் வீடும் வராது, வண்டியும் வராது. "எங்கிட்டதான் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு இதை நம்பி இருக்கக் கூடாது. வாழை, நெல்லுக்குத் தனி, மாட்டுக்குத் தனி, வண்டிக்குத் தனி, வீட்டுக்குத் தனி.

வண்டிக்கு வருவோம். வண்டிக் காப்பீட்டில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம்ம வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டால், அவருடைய பொருள் சேதமானால், அவருக்குக் கொடுக்கிற பணம். இது சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். இன்னொன்று ஓன் டேமேஜ். நம்ம வண்டிக்கே வருகிற சேதம்: விபத்து, திருட்டு, தீ, வெள்ளம். இது கட்டாயம் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். 2018 செப்டம்பரிலிருந்து புது இரண்டு சக்கர வண்டி வாங்கினால் தேர்ட் பார்ட்டி 5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். 2020 ஆகஸ்டுக்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 5 வருஷம் தேர்ட் பார்ட்டியும், 1 வருஷம் மட்டும் ஓன் டேமேஜும் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஷோரூமில் "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சும்மா"ன்னு சொல்வார்கள். நாமும் அஞ்சு வருஷம் கவலையில்லைன்னு பையில் வைத்துவிடுகிறோம். ஒரு வருஷம் முடிந்ததும் நம்ம வண்டிக்கான பாகம் காலாவதி ஆகிவிடும். போலீஸ் பிடித்தால் தாள் செல்லும்; வெள்ளம் பிடித்தால் செல்லாது. வண்டி திருடு போனாலும் செல்லாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாளை எடுத்துப் பாருங்கள். இங்கிலீஷில்தான் இருக்கும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். "ஓன் டேமேஜ்" எந்தத் தேதி வரை, "தேர்ட் பார்ட்டி" எந்தத் தேதி வரை என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். ஓன் டேமேஜ் முடிந்திருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிளப்பினால் எஞ்சின் போய்விடும். அது வெள்ளம் செய்த சேதம் இல்லை, ஓட்டியதால் வந்த சேதம் என்று கம்பெனி மறுக்கலாம். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் வேறு கதை. தள்ளிக்கொண்டு போங்கள், இல்லை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

லோடு ஆட்டோ வைத்திருக்கிற குழுக்களும் இருக்கிறீர்கள். வணிக வண்டிக்கு டயர், முகப்பு விளக்கு, மட்கார்டு, பெயிண்ட் இதெல்லாம் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் சேரும். புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வரைக்கும்?

வண்டித் தாளில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். இன்றைய தேதிக்கு வண்டியின் மதிப்பு. வண்டி முழுக்கப் போனால் கிடைக்கிற உச்சத் தொகை அதுதான். 80,000 ரூபாய் வண்டிக்கு மூன்று வருஷம் தாண்டினால் 40 சதவீதம் கழித்து 48,000 ரூபாய் என்று போடுவார்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்துக்கு மேல் போனால் வண்டி முழுசாகப் போனதாகக் கணக்கு. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை ரொம்ப இறக்கிப் போட்டால், வண்டி போகும்போது கையில் வருவதும் இறங்கிவிடும்.

மூன்றாவது கேள்வி: நம்ம கையிலிருந்து எவ்வளவு?

இதற்குத்தான் தாளில் டிடக்டிபிள், எக்ஸஸ் என்று எழுதியிருக்கும். பேரைக் கண்டு பயப்பட வேண்டாம். முதலில் நம்ம கை, அப்புறம் கம்பெனி கை, அவ்வளவுதான். 5,000 ரூபாய் என்று எழுதியிருந்தால், 4,000 ரூபாய் நஷ்டத்துக்கு ஒன்றும் வராது. 40,000 ரூபாய் நஷ்டத்துக்கு 5,000 கழித்து 35,000 வரும்.

இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டாயமாகக் கழிப்பது 100 ரூபாய்தான். 1,500 சி.சி. வரை உள்ள சொந்த உபயோகக் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இது போக, நாமாகவே ஏற்றுக்கொள்கிற பங்கு ஒன்று உண்டு. வண்டிக்கு 500 முதல் 3,000 ரூபாய் வரைக்கும், காருக்கு 2,500 முதல் 15,000 ரூபாய் வரைக்கும். அதைக் கூட்டினால் பிரீமியம் குறையும். பையன் செல்போனில் புதுப்பிக்கும்போது "இதுல கம்மியா காட்டுதும்மா"ன்னு தட்டிவிடுவான். எதனால் கம்மி என்று கேளுங்கள்.

100 ரூபாய்தானே, மிச்சம் முழுக்க வந்துரும்லான்னு நினைக்காதீர்கள். தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். மூன்றரை வருஷ ஸ்கூட்டி, வெள்ளத்தில் நின்றது. வரியை விட்டுவிட்டு ரிப்பேர் பில் 12,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் 5,000. இதற்குப் பாதி கழிப்பார்கள், வருவது 2,500. இரும்புப் பாகங்கள் 4,000. அந்த வயசு வண்டிக்கு 25 சதவீதம் கழித்து 3,000. கூலி 3,000 முழுதாக. மொத்தம் 8,500. அதில் 100 கழித்து 8,400. நம்ம கையிலிருந்து 3,600. தேய்மானம் கழிக்காத பாலிசியும் உண்டு. "ஜீரோ டெப்" அல்லது "பம்பர் டு பம்பர்" என்பார்கள். பிரீமியம் கூடும். புது வண்டிக்கு யோசிக்கலாம்.

சின்னச் சேதத்துக்கெல்லாம் கேட்கலாமா? ஒரு வருஷம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷம் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்தால் 50 சதவீதம் வரைக்கும் ஏறும். கண்ணாடி உடைந்ததற்கு 300 ரூபாய் கேட்டு அந்தத் தள்ளுபடியை இழப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. சின்ன நஷ்டத்துக்குக் குழுச் சேமிப்பு, பெரிய நஷ்டத்துக்குக் காப்பீடு. பத்து வருஷம் ஓடி ஓய்ந்த வண்டிக்கு ஓன் டேமேஜ் கட்டுவதைவிட, அந்தப் பணத்தைச் சேமிப்பில் போடுவதுகூட சரியாக இருக்கலாம். கடன் பாக்கி இருக்கிற வண்டிக்கு மட்டும் விடவே கூடாது.

இனி வீடு

2021 ஏப்ரல் முதல் "பாரத் கிரஹ ரக்ஷா" என்று ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் சேரும். வீட்டைத் திரும்பக் கட்ட ஆகிற செலவுக்குத்தான் காப்பீடு. மனையின் விலை சேராது. 500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம். வீட்டுக்குப் போட்டால், உள்ளே இருக்கிற சாமான்களுக்கும் அதில் 20 சதவீதம், அதாவது 2 லட்சம் வரைக்கும், தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் சாமானுக்கு மட்டும் போடலாம்.

வெள்ளம் வந்து முகாமுக்குப் போன நேரத்தில் சாமான் திருடு போனால், 7 நாளுக்குள் நடந்திருந்தால் அதுவும் சேரும். ஆனால் சாதாரண நாளில் நடக்கிற திருட்டு இதில் வராது. நகைக்குத் தனியாகக் கேட்டுப் போட வேண்டும். ரொக்கப் பணம் சேராது. நாள்பட்டு இத்துப்போன சுவர் தானாக விழுந்தால் வராது. ஓலைக் கூரை, தார்ப்பாய்க் கூரை என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதி வாங்குங்கள். மறைத்தால் பின்னால் மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறவர்கள் வங்கியில் கேளுங்கள்: பிடித்த காப்பீடு வீட்டுக்கா, கடன் வாங்கியவர் உயிருக்கா? இரண்டும் வேறு வேறு.

நஷ்டம் வந்தால்

தண்ணீர் நின்ற உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வண்டி நம்பரும் தெரியணும். உடனே கம்பெனிக்குச் சொல்லிப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் சேதமான சாமானைத் தூக்கி எறிய வேண்டாம். சர்வேயருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குக் கம்பெனிதான் கொடுக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையீடு. காப்பீட்டு ஆணையத்தின் இலவச எண் 155255. ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் வண்டித் தாளைக் கொண்டு வாருங்கள். ஓன் டேமேஜ் முடிகிற தேதியைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதுவோம். இரண்டு, வண்டிக்கோ தொழிலுக்கோ கடன் தீர்மானம் போடும்போது காப்பீட்டுத் தேதியையும் அதில் எழுதுவோம். மூன்று, பாலிசியைப் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். பீரோ நனைந்தாலும் அது நனையாது.

இதெல்லாம் வருகிற ஐப்பசிக்கு முன்னால் நடக்கட்டும். மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. தாளைப் படிக்க நமக்கு நேரம் இருப்பது அது வருவதற்கு முன்னால்தான்.