பால் பல்லை வெச்சு அணுகுண்டை அளந்தவங்க

போன வாரம் ஒரு மெசேஜ் வந்துச்சு. பிஎஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிற பொண்ணு. "அக்கா, அணு ஆயுதக் கட்டுப்பாட்டுல வேலை பார்க்கணும்னு ஆசை. வீட்ல, 'குண்டு விவகாரம் உனக்கெதுக்கு, பேங்க் எக்ஸாம் எழுது'ன்றாங்க."

முன்னாடி கேட்டிருந்தா நானும், 'அது வெளியுறவுத் துறை ஆளுங்க வேலை'ன்னுதான் சொல்லியிருப்பேன். லூயிஸ் ரைஸ் பத்திப் படிச்சதும் மாத்திக்கிட்டேன்.

1958, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரம். அணுகுண்டைத் திறந்தவெளியில வெடிச்சுப் பார்த்த காலம். அதுல வர்ற ஸ்ட்ரான்சியம்-90 புல்லுல படியும், மாடு மேயும், பால் வழியா குழந்தைக்குள்ள போகும். உடம்பு அதைக் கால்சியம் மாதிரியே எலும்புலயும் பல்லுலயும் சேர்த்துக்கும். சரி, எவ்வளவு சேருது? எலும்பை எடுத்துப் பார்க்க முடியாது. பால் பல்லு தானா விழும்!

டாக்டரான ரைஸ், சில விஞ்ஞானிகளோட சேர்ந்து, விழுந்த பல்லை அனுப்பச் சொல்லி ஊரையே கேட்டாங்க. பல்லு கொடுத்த குழந்தைக்கு ஒரு பேட்ஜ். (நம்மூர்ல கூரை மேல எறிஞ்சிருப்போம்.) மொத்தம் 3 லட்சத்துக்கு மேல வந்து சேர்ந்துச்சு. 1961-ல ரைஸ் முடிவுகளை வெளியிட்டாங்க: பல்லுல ஸ்ட்ரான்சியம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. 1963-ல திறந்தவெளிச் சோதனைகளைத் தடுக்கிற ஒப்பந்தம் வந்துச்சு. பல்லால மட்டும் வரல. ஆனா 'பயப்பட ஒண்ணுமில்ல'ன்னு சொன்னவங்க முன்னாடி வைக்க ஒரு கணக்கு இருந்துச்சு.

இன்னைக்கு அந்தக் கணக்கைக் கருவிகள் எடுக்குது. வியன்னாவுல இருக்கிற சிடிபிடிஓ அமைப்புக்கு உலகம் முழுக்க 300 நிலையங்களுக்கு மேல இருந்து டேட்டா வருது. அதிர்ந்தது நிலநடுக்கமா, குண்டா? ராத்திரி ரெண்டு மணிக்கு பொய் அலர்ட்டோட மல்லுக்கட்டுற எனக்கு, இது ரொம்பத் தெரிஞ்ச வேலையா இருக்கு.

ஒரு சிக்கல். சிடிபிடிஓ அமைப்போட ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல. அங்க வேலை கிடைக்கிறது நமக்குக் கஷ்டம். ஆனா சர்வதேச அணுசக்தி முகமையில இந்தியா உறுப்பினர். அங்க மேரி க்யூரி பேர்ல, பெண்களுக்குன்னே 2020-ல ஆரம்பிச்ச உதவித்தொகை இருக்கு. அணுத்துறை சார்ந்த முதுகலைப் படிப்புக்கு. அணு ஆயுதப் பரவல் தடுப்பும் அதுல சேரும். படிக்கப் பணம் தருவாங்க, இன்டர்ன்ஷிப்புக்கும் வழி செய்வாங்க.

தங்கச்சி, பேங்க் எக்ஸாமும் எழுது, தப்பில்ல. இதுக்கும் அப்ளை பண்ணு. வீட்ல என்ன சொன்னாங்கன்னு மறக்காம மெசேஜ் போடு.