படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோம்

 

வயது வந்தோர் அனைவரும் கற்க வேண்டிய வாழ்க்கைத் திறன்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். அத்திறன்கள் பல. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது ஆண்களுக்கும் சேர்த்தே சொல்வது. காயம்பட்டவருக்கு முதலுதவி செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இன்று நான் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் கைக்கு வரும் காகிதத்தைப் படிப்பது, அதிலுள்ள கணக்கைப் போட்டுப் பார்ப்பது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்பதே அது.

இது என்ன பெரிய வித்தை என்று சிலர் எண்ணலாம். இந்த ஒன்று இல்லாமையால் நம் மக்கள் இழந்தது எவ்வளவு என்பதற்கு வரலாறே சான்று. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அந்நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிரப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. காகிதத்தில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. வறுமையால் போனது உண்டு. அச்சத்தால் போனது உண்டு. வலியவர் வளைத்துக்கொண்டதும் உண்டு. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் வைத்த கைந்நாட்டால் போனதும் உண்டு. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். கைந்நாட்டால் போனதை மீட்க ஒரு நூற்றாண்டுக்குப் பின் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. குற்றம் கைந்நாட்டு வைத்தவர்களுடையது அன்று; அவர்களைப் படிக்க விடாதவர்களுடையது. ஆனால் இன்று நாம் படித்திருக்கிறோம். படித்தும் பாராமல் கையெழுத்திட்டால், அந்தக் குற்றத்தை யார்மேல் சுமத்துவது?

நம் வீரபாண்டிக்கு வருவோம். இங்கே நம்மில் பெரும்பாலோரிடம் நிலம் இல்லை. நம் சொத்து உழைப்புத்தான். அந்த உழைப்பு ஷிப்டுக் கணக்கிலும் பீஸ் கணக்கிலும் அளக்கப்பட்டு, சம்பளமாக நம் கைக்கு வருகிறது. பஞ்சப்படி கேட்டு 1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பஞ்சப்படி என்னும் சொல் தம் சம்பளச் சீட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்காக அவரிடம் நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே 1,440 ரூபாயைச் செலுத்த வேண்டும். முதலாளி செலுத்தும் பங்கில் ஏறத்தாழ 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், மீதி நம் வைப்பு நிதிக் கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு நம்மிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய். 12,000 ரூபாய்க்கு அது 90 ரூபாய். முதலாளி தருவது 3.25 வீதம் 390 ரூபாய். பிடித்தம் செய்த தொகை நம் கணக்கில் சேர்ந்ததா என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர் பிள்ளைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பி.எஃப். கணக்குக்கு 12 இலக்கங்கள் கொண்ட யு.ஏ.என். என்னும் எண் உண்டு. நீங்கள் எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் ஒன்றே. நம் ஊரில் தீபாவளிக்கு முன் ஒரு கம்பெனி, பின் ஒரு கம்பெனி என்று மாறுவது வழக்கம். மாறும்போது பழைய எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் புது எண் வாங்கினாலோ, இருந்த பணத்தை எல்லாம் எடுத்துச் செலவழித்துவிட்டாலோ, பணிக்காலம் துண்டு துண்டாகிவிடும். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். இருபது ஆண்டு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைத்தவர் முதுமையில் ஓய்வூதியம் இல்லாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

இ.எஸ்.ஐ. அட்டையை யாரோ இட்ட பிச்சை என்று எண்ணாதீர்கள். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அக்காலத்தில்தான் தொழிலாளர் நல ஈட்டுறுதிக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944இல் அறிக்கை தந்தார். 1948இல் அது சட்டமாயிற்று. மருத்துவம், நோய்க்கால உதவித்தொகை, மகப்பேற்றுக்கு 26 வாரச் சம்பள உதவி, வேலையில் கை விரல் போனால் இழப்பீடு ஆகிய இத்தனையும் அந்த அட்டைக்குள் அடங்கியிருக்கின்றன.

காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவர்கள், “எங்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே, ஐயா” என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வேலை செய்த இடம், எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், பேசிய ரேட், சனிக்கிழமை கைக்கு வந்த தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். தகராறு வரும் நாளில் நினைவில் இருப்பதைச் சொல்பவரைவிட, எழுதி வைத்ததைக் காட்டுபவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

அடுத்தது கடன். 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருவார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று நாம் எண்ணுகிறோம். வாரந்தோறும் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தப் பத்து வாரத்தில் சராசரியாக நம் கையில் நின்ற கடன் 5,000 ரூபாய்க்கும் குறைவு. 5,000 என்றே வைத்துக்கொண்டாலும், 10 வாரத்தில் நூற்றுக்கு 30 ரூபாய் வட்டி. 52 வாரத்துக்கு 156 ரூபாய். முதலைவிட வட்டி பெரிது! இத்தகைய கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் கணக்குப் போடத் தெரியாதவரைச் சட்டம் மட்டும் காத்துவிடாது. எழுதாத பத்திரத்திலும் தொகை நிரப்பாத காசோலையிலும் கையெழுத்திடாதீர்கள். மகளிர் குழுவில் அடுத்தவர் கடனுக்குப் பொறுப்பேற்குமுன், அது எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளியில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் வேறொரு தலைப்பெழுத்து. பிறந்த தேதியோ மூன்றிலும் மூன்று விதம். இப்படி வந்து நிற்பவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். பி.எஃப். பணமும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் இந்த ஓர் எழுத்துப் பிழையால் தடைப்படுகின்றன. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். ஆகவே குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரைச் சேர்க்கும்போது எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபாருங்கள். வீட்டுக்கு ஒரு கோப்பு வையுங்கள். சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றை நகலோடு அதில் சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பு இருக்கும் இடம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுவதும் ஒரு திறனே. என்ன வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியிட்ட முத்திரை பெறுங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை. கும்பிட்டு நின்ற தலைமுறை போய், எழுதிக் கேட்கும் தலைமுறை வர வேண்டும்.

வயது வந்தபின் இவற்றையெல்லாம் கற்க முடியுமா என்று தயங்குவோருக்குப் புதுக்கோட்டை விடை சொல்லும். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. கூலி வேலை செய்தோரும், கல் உடைத்தோரும், பிள்ளை பெற்ற தாய்மாரும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தபோது, அவர்கள் பிறர் துணைக்குக் காத்திராமல் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் தாமே போய் வந்தார்கள். கற்ற எழுத்து வாழ்க்கைக்குப் பயன்பட்டால்தான் அது கையை விட்டுப் போகாது.

நம் கல்விக் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினீர்கள். இனி வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், பெற்றோருக்கும் வகுப்பு நடத்துங்கள். பாடநூல் வேண்டியதில்லை. அவரவர் சம்பளச் சீட்டையும், கடன் அட்டையையும், வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வரட்டும். இக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டட்டும். அடுத்த வாரம் பெற்றோரே படித்துக் காட்டட்டும்.

பேனாவைப் பிடிக்க நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. அந்தப் பேனாவால் கையெழுத்திடுமுன், மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இடுவோம். இதுவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது.