மழையில் உடையும் படமும் லெட்ஜர் மொத்தமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



சிறுமலைப் பக்கம் கருத்து மழை கொட்டினால், டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைகிறது. லேசான தூறலுக்கு ஒன்றும் ஆவதில்லை. தூறலிலும் சிக்னலில் கொஞ்சம் கெடத்தான் செய்கிறது. கெட்டது எப்படிச் சரியாகிறது?

நான் வங்கியில் இருந்தவன். லெட்ஜரை வைத்தே சொல்கிறேன். நான்கு பதிவுகள்: 200, 350, அடுத்தது மை கொட்டி அழிந்துவிட்டது, பிறகு 150. கீழே மொத்தம் 1,000. அழிந்தது 300 என்று நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மொத்தத்தையும் கூடுதலாக எழுதி வைத்ததன் பலன் அது.

படத்துக்கும் இதே வழிதான். "இன்னொரு முறை அனுப்பு" என்று செயற்கைக்கோளை டிவி பெட்டி கேட்க முடியாது. அதனால் முன்கூட்டியே கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். டிடி ஃப்ரீ டிஷ் பயன்படுத்தும் டிவிபி-எஸ் முறையில் ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் கூடுதல். 8 பைட் வரை தவறாக வந்தாலும் பெட்டியே கணக்குப் போட்டுத் திருத்திவிடும். அதைத் தாண்டினால்தான் கட்டங்கள் தெரியும்.

அமெரிக்காவின் ரீட், சாலமன் இருவரும் 1960ல் வெளியிட்ட கணக்கு இது. பிரியாணிக் கடையில் எண்ணெய்க் கறை படிந்த க்யூஆர் அட்டை ஸ்கேன் ஆவதும் இதே கணக்கால்தான். க்யூஆரின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் சுமார் 30 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்க முடியும்.

இனி நமக்கு வேண்டிய விஷயம். கேட் கேமராவில் வண்டி எண் மங்கலாக விழுந்தால், அதைத் தெளிவாக்க இப்போது ஆப்கள் இருக்கின்றன. ஆனால் கேமரா பதியாத எழுத்துக்கு எந்த மொத்தமும் எழுதி வைக்கப்படவில்லை. ஆப் அங்கே பக்கத்துப் புள்ளிகளையும் பழகிய படங்களையும் பார்த்து ஊகித்துத்தான் நிரப்புகிறது. 3 இருந்த இடத்தில் பளிச்சென்று 8 வரலாம். அதை நம்பி யார் மீதும் பழி சொல்லிவிடக் கூடாது. மூலப் பதிவை அப்படியே எடுத்து வையுங்கள். போலீஸ் கேட்டால் அதையே கொடுங்கள்.

பத்திரம், ரசீது அனுப்பும்போதும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கணக்கில் வந்தது வரவு. ஊகத்தில் வந்ததை வரவு வைக்க முடியாது.