விடை வரும் நாள்



இலக்கியத் தொடரொன்றிலே பேச வந்த தமிழாசிரியன், விளையாட்டையும் உரத்தையும் கடனையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் உங்களுட் சிலர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்ப நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்திகளை விடாமற் கேட்பவன். செய்தியிலே வருகின்ற சொற்களையும் அவற்றை நாங்கள் ஏற்றுக்கொள்ளும் விதத்தையும் கவனிப்பது என் தொழிலோடு ஒட்டிய பழக்கம். இந்தப் பழக்கத்தினாலே எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயங்கள் சிலவற்றையே இன்று சொல்லவிருக்கிறேன். அபிப்பிராயங்கள் என்னுடையவை. நீங்கள் மறுப்பதற்கு முழு உரிமை உண்டு.

பரீட்சை எழுதிய மாணவன் முதலிற் கேட்பது, "சேர், முடிவு எப்ப வரும்?" என்பதைத்தான். பெரியவர்கள் எடுக்கும் தீர்மானங்களுக்கும் முடிவு வருகிறது. ஆனால் அது எல்லாத் துறையிலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. சிலவற்றுக்கு அன்று மாலையே வந்துவிடும். சிலவற்றுக்கு ஒரு போகம் காத்திருக்க வேண்டும்.

அன்று மாலையே வருவது விளையாட்டில். 2022 செப்டெம்பர் 11ஆம் திகதியை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். டுபாயிலே ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். எங்கள் நாட்டிலே நடந்திருக்க வேண்டிய போட்டி. மின்சாரமும் எரிபொருளும் இல்லாத நிலையில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டது. முதல் ஆட்டத்திலே ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்ட அதே அணி, இறுதியிலே பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. அதே நாளிலே சிங்கப்பூரில் எங்கள் வலைப்பந்தாட்டப் பெண்கள் சிங்கப்பூர் அணியை 63-53 என்ற கணக்கிலே வென்று ஆசியச் சம்பியன்களானார்கள். அடுத்த நாள் ஆசிரியர் ஓய்வறையிலே எல்லோரும் கிரிக்கெட்டையே பேசினார்கள். வலைப்பந்தாட்டத்தைப் பேசியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அந்த அணியின் பந்தெய்பவர் யாழ்ப்பாணத்து ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குல உயரம். அந்த உயரத்துக்காக ஊரிலே என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்பதை, பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கும் எந்த ஆசிரியையிடமும் கேட்டு அறிந்துகொள்ளலாம். வளையத்தினுள் பந்து விழுந்தபின் அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ!

விளையாட்டு மைதானத்திலே ஒருவரும் நீண்ட நாள் நடிக்க முடியாது என்பதைத்தான் சொல்லவருகிறேன். ஓராண்டு சென்று, 2023 செப்டெம்பர் 17இல், கொழும்பிலே அதே ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக எங்கள் அணி 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. ஓட்டப் பலகை ஒளிக்காமற் சொல்லிவிட்டது. மைதானத்துக்கு வெளியே உள்ள காரியாலயங்களிலே அத்தகைய பலகை இல்லை. அரசியல் தலையீடு என்று கூறிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை 2023 நவம்பரில் எங்கள் கிரிக்கெட் நிறுவனத்தை இடைநிறுத்தி, 2024 ஜனவரியில் அந்தத் தடையை நீக்கியது. அந்த விவகாரத்திலே யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்டால், இன்றைக்கும் ஆளுக்கொரு விடை சொல்வார்கள்.

ஒரு போகம் காத்திருக்கவேண்டிய விடைக்கு வருவோம். 2021 மே மாதத்திலே இரசாயன உரங்களின் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே மூச்சிலே சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பது கட்டளை. சொல்லப்பட்ட காரணம் மக்களின் சுகம். ரஜரட்டைப் பகுதியிலே பல்லாயிரம் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு உரமும் கிருமிநாசினியுமே காரணம் என்றார்கள். அந்த நோயின் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் உறுதியாக நிறுவவில்லை. சொல்லப்படாத காரணம், கையிருப்பிலே டொலர் இல்லை.

இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை வருகிறது. சேதனம், அசேதனம் என்ற சொற்களைப் பாருங்கள். உயிருள்ளது, உயிரற்றது. எங்கள் சித்தாந்த நூல்கள் அறிவுள்ள பொருளையும் அறிவற்ற பொருளையும் பிரித்துக் காட்டக் கையாண்ட சொற்கள். அவற்றை உரப்பைக்குச் சூட்டியவுடன் வழக்கிலே பாதித் தீர்ப்பு வழங்கியாயிற்று. உயிருள்ளதை வேண்டாமென்று யார் சொல்வார்? அதனோடு "நஞ்சற்ற உணவு" என்ற தொடரும் சேர்ந்துகொண்டால், மறுத்துப் பேசுபவன் நஞ்சை ஆதரிப்பவனாகிவிடுகிறான். ஆனால் நெற்பயிரின் வேருக்கு இந்தச் சொல்விளையாட்டுத் தெரியாது. மாட்டெருவிலிருந்து வந்தாலென்ன, யூரியாவிலிருந்து வந்தாலென்ன, நைதரசனை அது பெரும்பாலும் அமோனியமாகவும் நைத்திரேற்றாகவுமே உறிஞ்சுகிறது. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவிலே ஒன்று அல்லது இரண்டு பங்கு. ஒரு மூடை செய்யும் வேலைக்கு எத்தனை வண்டி எரு வேண்டும் என்பதைக் கணக்கிட ஆறாம் வகுப்புக் கணிதம் போதும். மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விதைத்த காலத்திலே எரு போதுமாயிருந்தது. கிடைத்த விளைச்சலும் அந்த அளவுதான். இன்று வயல்களிலே நிற்பவை பெரும்பாலும் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை உருவாக்கிய இனங்கள். உரத்துக்குப் பதில் சொல்லுமாறு வளர்க்கப்பட்ட பயிர்கள் அவை.

எங்கள் கல்லூரி மாணவன் ஒருவனின் தந்தை இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்பவர். அந்தக் காலபோகத்திலே பிள்ளையின் அலுவலாக வந்தவரிடம் வயலைப் பற்றி விசாரித்தேன். "சேர், பயிர் மஞ்சளாப் போய் நிக்குது. யூரியா இல்லாட்டி இப்பிடித்தான் வருமெண்டு எங்களுக்குத் தெரியும். எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராததைச் சொல்வதுபோலச் சொன்னார். பேராதனையிலும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இருந்த விவசாயப் பேராசிரியர்கள் இதையே புள்ளிவிபரங்களோடு எழுதி அனுப்பியிருந்தார்கள். வயலிலே நிற்பவனும் ஆய்வுகூடத்திலே நிற்பவனும் ஒரே விடையைச் சொல்வது அபூர்வம். அப்படிச் சொன்னபோதும் கேட்கப்படவில்லை.

பதிலாகச் சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. 20,000 தொன் சேதனப் பசளை. மாதிரியிலே தீங்கான பற்றீரியா இருப்பதாக எங்கள் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் கண்டு, இறக்க விடவில்லை. பசளை இறங்கவில்லை, ஆனால் 67 இலட்சம் டொலர் கொடுத்தாயிற்று. அந்த அதிகாரிகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். மேலிடத்து நெருக்குதல்களுக்கு நடுவே, நுணுக்குக்காட்டியிலே தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினார்கள். விஞ்ஞானம் என்று பாடப்புத்தகத்திலே நாங்கள் படிப்பிப்பது அதைத்தான். நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. காலம் கடந்துவிட்டது. முந்திய பெரும்போகத்திலே ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்திலே 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது.

வகுப்பிலே திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தைப் படிப்பிக்கும்போது, முதற்குறளே வரவு செலவுக் கணக்கோடு தொடங்குவது இப்போது வேறுவிதமாகக் காதில் விழுகிறது. அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, ஆகிப் பின் தரும் ஊதியம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். அறநூல் என்று தூக்கி மாடத்தில் வைத்துவிட்டோம். அது திறைசேரியின் மேசையிலே இருந்திருக்க வேண்டிய அதிகாரம்.

பொருளாதாரத்தின் விடை இதிலும் மெதுவாக நடந்து வருவது. 2019 டிசெம்பரிலே பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். கடைக்காரரும் மகிழ்ந்தார். வருமானம் குறைந்த அரசு எதைக்கொண்டு கடனைக் கட்டும் என்று கேட்ட பொருளியலாளர்களைச் சகுனம் பிழைத்தவர்களாகப் பார்த்தார்கள். விடை 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வந்தது. வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று நாடு அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாவிலே பிடித்துவைத்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவிலே நின்றது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். எரிவாயு வரிசையையும் பெற்றோல் வரிசையையும் நான் வருணிக்கத் தேவையில்லை, நீங்களும் நின்றவர்கள். ஆசிரியனாக எனக்கு நெஞ்சில் நிற்பது வேறு. அந்த மார்ச் மாதம் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் கடதாசி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாத நாடு!

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட, பொருளாதாரத்தை நடத்தியவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களுள் ஒருவர் ஒலிம்பிக் போட்டிகளிலே இலங்கைக்காக நீந்திய ஜூலியன் போலிங். நேரத்தைச் செக்கனிலே அளந்து பழகியவர். இந்த விடைக்காக வழக்கு மன்றத்திலே எத்தனை மாதம் காத்திருந்தார்! வழக்குச் செலவாக மனுதாரருக்கு ஒன்றரை இலட்சம் ரூபா கிடைத்தது. வரிசையிலே நின்றவர்களுக்கு அதுவும் இல்லை.

சமயத்தைப் பற்றிப் பேசத் தயக்கமாகவே இருக்கிறது. இருந்தாலும் இந்துக் கல்லூரியிலே படிப்பிப்பவன் பேசாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. கொரோனாக் காலத்திலே கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி காய்ச்சினார். காளி அம்மன் சொன்ன மருந்து என்றார். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரும் அருந்தினார். பின்னர் அவருக்கும் நோய் தொற்றியது. இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். நோய்க்காலத்திலே மக்கள் தெய்வத்தை நாடுவது புதிதன்று. எங்கள் ஊர்களிலே அம்மை கண்டால் அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள் நாங்கள். அதிலே தவறு காண்பவனல்லன் நான்.

சிரிக்க முடியாதது மற்றது. 2020 ஏப்ரலிலே, கொரோனாவால் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று விதிக்கப்பட்டது. புதைத்தால் நிலத்தடி நீரிலே கிருமி கலக்கும் என்று நிபுணர் குழுவின் பெயரிற் சொன்னார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம், எரிக்கலாம் என்று இரண்டையும் அனுமதித்திருந்தது. உலகம் முழுவதும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு சமயத்தவரின் இறுதிக்கடன் பறிக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2020 டிசெம்பர் முதலாம் திகதி மனுக்கள் தள்ளுபடியாயின. அதே மாதத்திலே பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தை எரிக்கப்பட்டது.

இந்துக்களிற் சிலர் அந்நாளிலே என்னிடம், "எரிக்கிறதுதானே எங்கட வழக்கம், அதிலை என்ன பிழை?" என்று கேட்டார்கள். எங்கள் வழக்கம் என்பதனாலேயே எனக்கு அது கூடுதலாக உறுத்தியது. சிதைக்குத் தீ மூட்டும் மகன், அதைக் கடமையாகச் செய்கிறான். அந்தத் தீயிலே மரியாதை இருக்கிறது. அதே தீயைத் தன் சமயம் விலக்கிய ஒருவனின் தந்தைமேல் அரசாங்கம் மூட்டும்போது அது வேறு தீ. இன்னுமொன்று. எங்கள் சமயத்திலும் பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை. புதைப்பதுதான் வழக்கம். அந்த 20 நாட் குழந்தை எங்கள் வீட்டிலே பிறந்திருந்தாலும் மண்ணுக்குத்தான் போயிருக்கும். பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கட்டியவர்கள் முஸ்லிம்கள் மாத்திரமல்லர். அந்தத் துண்டுகளும் அகற்றப்பட்டன.

2021 பெப்ரவரி இறுதியிலே விதி மாறியது. இரணைதீவிலே இடம் ஒதுக்கப்போவதாகச் சொல்லி, அங்குள்ளவர்கள் எதிர்த்தபின், மார்ச் 5ஆம் திகதி முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்று செய்தியிலே வாசித்தார்கள். மற்றச் செய்திகளுக்குக் கொடுத்த அளவு நேரமே அதற்கும்.

ஓட்டமாவடி மஜ்மா நகரிலே இப்போது வரிசை வரிசையாகக் கபுறுகள் இருக்கின்றன. கொழும்பிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பஸ் ஏறி வந்து, தங்கள் உறவினரின் இலக்கத்தைத் தேடி, நின்று துஆக் கேட்டுப் போகிறார்கள். அங்கே சில இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும்கூட அடங்கியிருக்கிறார்கள். அந்த 276 பேரின் பிள்ளைகளுக்கு அப்படிப் போய் நிற்க ஓரிடம் இல்லை.