மார்ஷல் அர்ஜன் சிங்: ஓய்வுக்குப் பின் 48 ஆண்டுகள்

(திருவனந்தபுரத்தில் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வுக்காலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், நடைப்பயிற்சி இவற்றைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூர் ஆக்குளத்தில் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் 1984 முதல் இருக்கிறது. அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். இந்திய விமானப்படையில் மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரப் பதவியைப் பெற்ற ஒரே ஒருவரான அர்ஜன் சிங்.

1919 ஏப்ரல் 15-ல் பஞ்சாபின் லியால்பூரில் பிறந்தவர். கால்வாய்ப் பாசனத்தால் செழித்த விவசாய பூமி அது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் குதிரைப்படையில் இருந்தவர்கள். இவர் மட்டும் 1938-ல் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வாகி, குதிரையை விட்டு விமானத்தில் ஏறினார்.

திரும்பி வந்ததும் வஜீரிஸ்தான் மலைப்பகுதியில் வேலை. அந்த நாள் விமானத்தில் இரண்டே பேர்: முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கிக்காரர். ஒரு நாள் கீழேயிருந்து பழங்குடியினர் சுட்டதில் எஞ்சின் பழுதாகி, ஓர் ஆற்றுப் படுகையில் விமானத்தை இறக்க வேண்டியதாயிற்று. இறங்கிய வேகத்தில் அர்ஜன் சிங்கின் முகம் முன்னாலிருந்த கருவிப் பலகையில் மோதி மூக்கிலிருந்து ரத்தம். துப்பாக்கிக்காரரோ குதித்து ஓட ஆரம்பித்துவிட்டார். ஆனால் பதற்றத்தில் எதிரிகள் இருந்த திசையிலேயே ஓடுகிறார்! தன் உயிர் பிழைத்தால் போதும் என்று விமானி மறுபக்கம் ஓடியிருக்கலாம். ரத்தம் ஒழுக அவர் பின்னாலேயே துரத்திப் போய், நிறுத்தித் திருப்பிக் கூட்டிவந்தார். அப்போது அவருக்கு இருபது வயது சொச்சம். பின்னால் நான் சொல்லப்போவதற்கு இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944-ல் ஜப்பானியர் இம்பாலைச் சூழ்ந்தபோது, ஹரிகேன் விமானங்கள் கொண்ட முதலாம் ஸ்குவாட்ரனுக்கு இவர் தலைவர். அதற்காக மவுண்ட்பேட்டன் தம் கையாலேயே டி.எஃப்.சி. பதக்கத்தை இவர் சட்டையில் குத்தினார்.

நம் பக்கத்துக்கும் இவருக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1945 பிப்ரவரியில் இவர் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்தார். என்ன குற்றம்? கேரளத்தில் ஒரு வீட்டின் மேல் மிகத் தாழ்வாக விமானத்தை ஓட்டினாராம். (கேரளம் என்ற மாநிலம் அன்று கிடையாது, பேச்சு வழக்கில் சொல்கிறேன்.) சோர்ந்துபோயிருந்த பயிற்சி விமானி ஒருவருக்கு உற்சாகம் ஊட்டவே அப்படிச் செய்தார் என்கிறார்கள். அந்த இளைஞர் பிற்காலத்தில் விமானப்படைத் தளபதியான தில்பாக் சிங்தான் என்றும் ஒரு பேச்சு. வீட்டுக்காரர்கள் என்ன பாடு பட்டார்களோ, அதை யாரும் எழுதி வைக்கவில்லை!

1947 ஆகஸ்ட் 15 அன்று டில்லி செங்கோட்டையின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. தலைமை தாங்கியவர் இவர். பிறந்த ஊரான லியால்பூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஒரே மனிதருக்கு ஒரே சமயத்தில் அந்தப் பெருமையும் இந்த இழப்பும்.

1964-ல், 45 வயதில், விமானப்படைத் தளபதி. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1-ல் சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் நுழைந்தபோது, "எவ்வளவு நேரத்தில் உங்களால் உதவ முடியும்?" என்ற பொருளில் பாதுகாப்பு மந்திரி சவான் கேட்க, ஒரு மணி நேரத்தில் என்றார். சொன்னபடியே நடந்தது. ஆனால் போனவற்றில் பழைய வாம்பயர் விமானங்களும் இருந்தன. அன்று மாலை நான்கு வாம்பயர்களை இழந்தோம். இந்த ஒரு மணி நேரக் கதையைப் பெருமையாகச் சொல்கிற பலர், அந்த நான்கைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

1969 ஜூலையில் ஓய்வு பெற்றார். வயது 50. கவனியுங்கள், நம்மில் பலர் பெரிய புரமோஷனை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வயது! பிறகு ஸ்விட்சர்லாந்தில் தூதர், கென்யாவில் ஹை கமிஷனர், 1989-ல் டில்லியின் லெப்டினன்ட் கவர்னர். 2002 ஜனவரியில் மார்ஷல் பதவிக்கான கோலை அவருக்கு வழங்கிய ஜனாதிபதி, நம் உழவூர்க்காரர் கே.ஆர்.நாராயணன்.

இதெல்லாம் பதவிகள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதைச் சொல்வதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு பியூன் பல வருடம் என்னோடு இருந்தார். என் ரிடையர்மென்ட் அன்று மாலை போட்டு, வீடு வரை வந்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதோடு சரி. இரண்டு வருடம் கழித்து அவர் காலமானார். அவர் மனைவியின் பெயர் சர்வீஸ் புக்கில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருந்தது. அதனால் குடும்ப பென்ஷன் நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஒரு வருடத்துக்கு மேல் படி ஏறி இறங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போய்ப் பார்த்தேன். "சாரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்தோம்" என்று மலையாளத்தில் சொன்னார். சிரமம் என்ன? ஒரு அஃபிடவிட், ஒரு கடிதம், அரை நாள். பார்க்கில் நான் அரசியல் பேசிய நேரத்தில் பத்து தடவை செய்திருக்கலாம். அந்த அம்மாள் கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

இப்போது அர்ஜன் சிங்குக்கு வருகிறேன். டில்லிக்கு அருகே அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. விவசாய மண்ணில் பிறந்தவருக்கு நிலம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அதை விற்றார். விற்ற பணத்திலிருந்து 2 கோடி ரூபாயை எடுத்து, ஓய்வு பெற்ற விமானப்படையினரின் நலனுக்காக 2004-ல் ஒரு டிரஸ்ட் அமைத்தார். 85 வயதில்! டிரஸ்டுக்குத் தன் பெயரோடு மனைவி தேஜியின் பெயரையும் சேர்த்தார். 1948-ல் கல்யாணம், மூன்று குழந்தைகள். 63 வருட இல்லறத்துக்குப் பின் 2011-ல் அந்த அம்மாள் காலமானார். குழந்தைகளுக்குப் போக வேண்டிய சொத்தை இப்படிக் கொடுக்கலாமா என்று நம் ஆத்துகளில் கேள்வி வரும், வராமல் இருக்காது. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் வஜீரிஸ்தானில் மூக்கில் ரத்தத்தோடு துப்பாக்கிக்காரர் பின்னால் ஓடியவரும் இவர்தானே என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு காட்சியை டி.வி.யில் பலரும் பார்த்திருப்பீர்கள். 2015 ஜூலை 28. முதல் நாள் ஷில்லாங்கில் காலமான டாக்டர் அப்துல் கலாமின் உடல் டில்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தது. நம் தும்பாவில் ராக்கெட் வேலையைத் தொடங்கிய அதே கலாம். அஞ்சலி செலுத்த 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். கலாமின் உடல் அருகே வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, நின்று, சல்யூட் அடித்தார். கலாம் இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். 2017 செப்டம்பர் 16-ல், 98-வது வயதில், அர்ஜன் சிங்கும் போய்விட்டார்.

என்னிடம் விற்க பண்ணை இல்லை. கரமனையில் ஒரு பழைய வீடுதான். ஆனால் பென்ஷன் பாரங்கள் பூர்த்தி செய்யத் தெரியும். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்கு இதே ஹாலில் உட்கார்ந்திருப்பேன். செயலர் ஒரு மேஜை தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். உங்களிடம் முன்பு வேலை பார்த்த டிரைவர், பியூன், சமையல் மாமி யாருக்காவது பென்ஷனோ முதியோர் உதவித்தொகையோ தடைபட்டிருந்தால் அவர்களையும் கையோடு அழைத்து வாருங்கள். ஆதார், பாங்க் பாஸ்புக் இரண்டுக்கும் நகல் எடுத்து வரச் சொல்லுங்கள். பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.