ஊரடங்கும் உழவர் வருவாயும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



பொருளியல் நான் பயின்ற துறையன்று. தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நம் ஊர்களின் வருவாயைத் தாக்கியதை அருகிருந்து கண்டவன் என்ற முறையில் சில கூற விழைகின்றேன்.

அவ்வாண்டு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. நான்கு மணி நேரத்தில் நாடே அடைபட்டது. ஏப்ரல் 6ஆம் நாள் வந்த மகாவீரர் ஜெயந்தியை நாம் இல்லத்திலிருந்தே வழிபட்டோம். உயிர்காக்கும் கட்டுப்பாடு என்பதால் மனமுவந்து ஏற்றோம். அதில் எனக்கு இன்றும் மாறுபாடு இல்லை. அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே என் வினா.

திண்டிவனம், மரக்காணம், வந்தவாசிப் பக்கங்களில் பங்குனி, சித்திரையே தர்பூசணிக் காலம். வேளாண் பொருள்களை ஏற்றிச்செல்லத் தடையில்லை என்று அரசு அறிவித்தது உண்மை. ஆனால் லாரிகள் வரவில்லை. வழியில் ஓட்டுநர் உண்ணக் கடையில்லை. திரும்புகையில் ஏற்றச் சரக்கில்லை. பழச்சாற்றுக் கடைகளும் சாலையோரத் தள்ளுவண்டிகளும் முடங்கிக் கிடந்தன. வாங்குவோர் இல்லாத பொருளுக்கு வழி திறந்திருந்து என்ன பயன்?

எங்கள் தெரு உழவர் ஒருவர் நகையை அடகு வைத்து ஒன்றரை ஏக்கரில் தர்பூசணி பயிரிட்டிருந்தார். விலை பேசிச் சென்ற வியாபாரி திரும்பி வரவில்லை. கொடியிலேயே வெடித்த காய்கள் மாட்டுக்குத் தீனியாயின. கடன் தவணைகளை ஆகஸ்டு இறுதிவரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இசைந்தது. தவணை தள்ளிற்றேயன்றி வட்டி நிற்கவில்லை. மே 5ஆம் நாள் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாறியபோது, கத்தரியும் வெண்டையும் பயிரிட்டோர் முறை வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 விழுக்காடு சரிந்ததாக முதல் மதிப்பீடு கூறிற்று. கட்டுமானத் துறை பாதியாயிற்று. வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது என்று பலர் மகிழ்ந்தனர். அக்கணக்கு விளைச்சலை அளப்பது. விளைந்தது என்ன விலைக்குப் போயிற்று என்பதை அளப்பதன்று. எங்கள் தெருக்காரர் அந்த 3.4இல் எங்கே நிற்கிறார் என்று நான் பன்முறை எண்ணியதுண்டு.

இனி, என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் எனக்கு ஓய்வூதியம் ஒரு மாதமும் தவறவில்லை. அகவிலைப்படி உயர்வு நிறுத்திவைக்கப்பட்ட செய்தி வந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் தொலைபேசியில் நெடுநேரம் குறைபட்டுக்கொண்டோம். நானும் குறைவின்றிப் பேசினேன். அன்று மாலை அவ்வுழவர் எங்கள் திண்ணையில் இரண்டு காய்களை வைத்தார். விலை கேட்டேன். “மாட்டுக்குப் போடறதுதானே சார், இதுக்கு என்ன காசு?” என்றார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

அந்நாள்களில் நம்மவர் பலர் அரிசியும் மளிகையும் வாங்கி எளியோர்க்கு வழங்கினர். நற்பணியே. எனினும் அப்பொருள்களைக் கடைகளில் வாங்கினோம். பக்கத்து நிலத்தில் வாடிய காய்கனியை வாங்கி வழங்க நமக்குத் தோன்றவில்லை. இனியொரு முடக்கம் வருமாயின், உதவிநிதியில் ஒரு பகுதியை உழவரிடம் நேரடிக் கொள்முதலுக்கு ஒதுக்க வேண்டும். எந்த ஊரில் எவர் என்ன பயிரிடுகிறார் என்ற பட்டியலை இப்பொழுதே ஆயத்தம் செய்யலாம். எங்கள் ஊர்ப் பட்டியலை எழுதிக் கொண்டுவந்துள்ளேன். செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.